தேநீர் வேளையில் ஓடிய கனவுகள்

சங்கரன்கோவிலில் நாம் பள்ளிச் சிறுவராயிருந்த நாள்களில், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் சென்று வந்ததற்குக் கைம்மாறாக, மாதம் ஒருமுறை மாலைக் காட்சிக்குச் செல்ல வீட்டில் இசைவு கிடைக்கும். தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு மணலைக் குவித்து மேடாக்கி அமர்வோம். சீர்காழியாரின் விநாயகர் பாடல் ஒலித்து ஓய்ந்ததும் விளக்குகள் அணையும். உடனே படம் தொடங்கிவிடாது. முதலில் வருவது அரசினர் செய்திப் படம். எங்கோ பெருவெள்ளம், எங்கோ அணைக்கட்டுத் திறப்பு விழா, எங்கோ ஓர் அமைச்சரின் கையில் கத்தரிக்கோல். பெஞ்சிலும் நாற்காலியிலும் அமர்ந்திருந்த பெரியவர்கள் அந்நேரத்தைத் தேநீருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தனர். இடம் பறிபோய்விடுமோ என்னும் அச்சத்தால் தரையில் இருந்தவர்கள் மட்டுமே அரசின் படங்களை முழுமையாகப் பார்த்தோம் என்றால் அது மிகையாகாது.

அப்படியொரு மாலையில், வெள்ளமும் இல்லாமல் அணையும் இல்லாமல் வேறொன்று ஓடியது. ஒரு மனிதர் வெற்று அறை ஒன்றில் இருந்தார். அவர் நடக்கவில்லை, ஆயினும் நகர்ந்தார். சுவர்களில் வண்ணங்கள் தாமாகவே படர்ந்தன. விளக்கவுரை சொல்லும் அந்தக் கம்பீரக் குரல் வரவே இல்லை. அதற்குப் பதிலாக, விசைத்தறிக் கூடத்தில் பல தறிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஓடுவதைப் போன்ற ஓர் ஓசை கேட்டது. ஆபரேட்டர் சுருளை மாற்றிப் போட்டுவிட்டார் என்று எண்ணிய கூட்டம் பின்புறம் திரும்பி வசைபாடத் தொடங்கியது. சீட்டியடித்தவர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த மனிதரைச் சென்ற ஆண்டு மீண்டும் கண்டோம். பேரப்பிள்ளையின் கைப்பேசியில், அதே அறையில், அதே வண்ணங்களுக்கு நடுவில் அவர் நகர்ந்துகொண்டிருந்தார். அவர் ஓவியரும் எழுத்தாளருமான ஆபித் சூர்தி. படத்தின் பெயரும் ‘ஆபித்’ என்பதே. இயக்கியவர் பிரமோத் பதி. தயாரித்தது இந்திய அரசு. நம் ஊர்க் கொட்டகைக்கு இப்படம் வந்து சேர்ந்த வழியைத் தேடத் தொடங்கியபோது, நாம் அறியாத ஒரு வரலாறு பின்னால் நிற்பதைக் கண்டோம்.

கொட்டகைகளில் அரசுப் படம் ஓட்டியே தீரவேண்டும் என்னும் விதி வெள்ளையர் காலத்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற படத்தில் இரண்டாயிரம் அடி காட்டப்பட வேண்டுமென்று ஆணை பிறந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர்ச் சுருளில் இரண்டாயிரம் அடி என்பது ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம். போர் முடிந்ததும் அந்த ஏற்பாடு கலைந்தது. ஆனால் விடுதலை பெற்ற அரசு 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் என்னும் துறையைப் பம்பாயில் நிறுவி, அதே விதியைக் கொட்டகை உரிமங்களின் நிபந்தனையாக்கி மீண்டும் உயிர்ப்பித்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படங்கள் பெயர்க்கப்பட்டு வாரந்தோறும் வெளியாயின. கொட்டகைக்காரர்கள் தம் வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இதற்கு வாடகை கட்டவும் வேண்டியிருந்தது. அவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. உலகில் வேறு எந்தக் குறும்பட இயக்குநருக்கும் கிட்டாத அளவு மக்கள் கூட்டம், சட்டத்தின் துணையால், பம்பாயில் இருந்த சில இளைஞர்களுக்குக் கிட்டியது. அவர்களில் பெரும்பாலோர் அதை வெள்ளத்திற்கும் திறப்பு விழாவிற்கும் செலவிட்டனர். சிலர் வேறுவிதமாகச் செலவிட்டனர்.

அந்தச் சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ழான் பவ்நகரி. பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவர், மாயவித்தைக்காரர், மட்பாண்டக் கலைஞர், பாரிஸ் மாநகரில் யுனெஸ்கோ நிறுவனத்தில் பணியாற்றியவர். இந்திரா காந்தி செய்தித் துறை அமைச்சராயிருந்த காலத்தில், 1965-இல், தலைமை ஆலோசகராக அழைத்துவரப்பட்டார். இரண்டாண்டுக் காலமே இருந்தார். அரசுப் படம் என்றாலே அறிவுரை என்றிருந்த நிலையை மாற்ற அவர் செய்தது ஒன்றே. தம் கீழிருந்தவர்கள் தவறு செய்ய இடம் கொடுத்தார். எஸ். சுக்தேவ் விளக்கவுரையே இல்லாமல் ஒரு நாட்டைக் காட்டினார். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-இல், நாட்டின் விடுதலையோடு பிறந்து இருபது வயதை எட்டிய இளைஞர்களைப் பேசவிட்டு, நாட்டைப் பற்றி அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். ஓவியர் எம்.எஃப். ஹுசேன் அதே ஆண்டில் எடுத்த ‘ஓர் ஓவியனின் கண்களினூடே’ என்னும் படம், குடையும் செருப்பும் பசுவும் விளக்கும் காரணமின்றி வந்துபோகும் ஒரு கனவு போன்றது. அதற்குப் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. அரசு அலுவலகங்களில் இத்தகைய பருவங்கள் அரிதாகவே வரும், வந்தாலும் விரைவில் கடந்துவிடும்.

பிரமோத் பதி ஒடிசாவைச் சேர்ந்தவர், 1932-இல் பிறந்தவர். செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில், பொம்மைப் படங்களின் பேராசானாகக் கருதப்பட்ட யிர்ஜி திர்ன்காவிடம் பயின்றார். பொம்மைப் படம் எடுப்பவனுக்குப் பொறுமையே மூலதனம். பொம்மையின் கையை ஒரு நெல்மணி அளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி மறுபடி ஒரு படம் என, ஒரு நொடிக்கு இருபத்துநான்கு முறை, ஒரு நிமிடத்திற்கு ஆயிரத்து நானூற்று நாற்பது முறை எடுக்க வேண்டும். அந்த முறையைப் பொம்மையை விடுத்து உயிருள்ள மனிதர்மீது செலுத்தினால் என்ன நிகழும்? கனடா நாட்டின் நார்மன் மெக்லாரன் 1952-இல் ‘அண்டை வீட்டார்’ என்னும் படத்தில் செய்துகாட்டியது அதைத்தான். யுனெஸ்கோ பணிக்காக அவர் அக்காலத்தில் இந்தியாவுக்கும் வந்திருந்தார். பதி அம்முறையைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். சங்கரன்கோவில் கொட்டகையில் ஆபித் சூர்தி காலசையாமல் நகர்ந்த விந்தையின் விளக்கம் இவ்வளவே. அவர் ஒவ்வொரு முறையும் அசைவற்று நின்றார், ஒரு படம் எடுக்கப்பட்டது, சிறிது தள்ளி நின்றார், இன்னொரு படம். நாம் கேலி செய்த அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான முறை சிலையாக நின்றிருக்கிறார்.

1968-இல் வெளிவந்த ‘எக்ஸ்ப்ளோரர்’ இவற்றுள் மிகவும் துணிச்சலானது. ஏழு நிமிடமே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். ஆடும் இளைஞர்கள், வழிபடும் கைகள், ஆய்வுக்கூடக் கருவிகள், ஓங்காரம், எந்திரம், மீண்டும் ஆட்டம் என்று கண் இமைப்பதற்குள் ஒன்று மற்றொன்றை விழுங்குகின்றது. ஒரு காட்சியைக் கண்டோம் என்று மனம் உறுதி செய்வதற்குள் அது போய்விடுகிறது. கதை இல்லை, கருத்துரை இல்லை. காட்சிகளை ஒன்றாய்க் கட்டிவைத்திருப்பது ஓசை மட்டுமே. மந்திரம் போன்ற முழக்கமும் மின்னணுக் கருவிகளின் கீச்சொலியும் தாளமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.

இங்கே இசையமைப்பாளரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பதியின் படங்களில் பலவற்றுக்கு இசை தந்தவர் விஜய ராகவ ராவ். சென்னையில் பிறந்தவர். புல்லாங்குழல் கலைஞர். பண்டிட் ரவிசங்கரின் மாணவர். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ படத்தின் இசையும் அவருடையதே. அவர் ஃபிலிம்ஸ் டிவிஷனில் கால் நூற்றாண்டு இசைப் பொறுப்பில் இருந்தார். உரச் செய்திக்கும் ஊட்டச்சத்துச் செய்திக்கும் குழல் ஊதிய அதே கை, பதியின் மேசைக்கு வந்தபோது நாடாவை வெட்டியது, ஒட்டியது, தலைகீழாய் ஓட்டியது. அரசு ஊழியர் ஒருவர் மாதச் சம்பளத்திற்கு இதைச் செய்தார் என்பது நமக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இவ்வகை இசைக்கு மேலைநாட்டார் ‘சைகடெலிக்’ என்று பெயரிட்டிருந்தனர். மனத்தை வெளிப்படுத்துவது என்னும் பொருளில் கிரேக்க வேர்களிலிருந்து இச்சொல்லை ஆக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு 1956-இல் எழுதிய மடலில் அதை முதலில் கையாண்டார். போதை மருந்தின் ஆய்விலே பிறந்த சொல், பத்தாண்டுகளில் இசைக்கும் ஆடைக்கும் சுவரொட்டிக்கும் பெயராயிற்று. நம் பெற்றோர் இவ்வகைக் கூச்சல்களை ‘ஹிப்பிப் பாட்டு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அக்காலத்தில் போதை பல இளம் உயிர்களைக் குலைத்தது உண்மை. ஆனால் இக்கதையில் ஒரு முரண் உண்டு. மேலைநாட்டு இளைஞர் தம் மயக்கத்திற்குத் துணையாகத் தேடியது நம் நாட்டு இசையைத்தான். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1968 சனவரியில் பம்பாய்க்கு வந்து, ‘வொண்டர்வால்’ என்னும் கனவுமயமான ஆங்கிலப் படத்திற்காக ஷெனாயும் சரோடும் சந்தூரும் இசைக்கச் செய்து ஒலிப்பதிவு செய்துகொண்டு சென்றார். ரவிசங்கரோ, தம் இசையைப் போதையோடு சேர்த்துக் கேட்பவர்களைக் கண்டு மனம் வெதும்பி, இது வழிபாடு போன்ற கலை என்று வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஆசிரியர் மேலைநாட்டு மேடைகளில் இவ்வாறு மன்றாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாணவர் பம்பாயில் போதையேதும் இன்றி, அரசுக் கோப்புகளுக்கு நடுவே, அந்த ஓசையைத் தம் வழியில் உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அரசு கேட்டது கலையை மட்டுமன்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. பதியின் ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பரப்புரையின் பகுதி. அதுவும் 1968-ஆம் ஆண்டுப் படமே. அதே ஆண்டு சூலை மாதத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலை வெளியிட்டார். சிவப்பு முக்கோணம் திரையில் தோன்றியபோது நம் பங்குமக்களிற் சிலர் எழுந்து வெளியே சென்றது தேநீருக்காக மட்டும் அல்ல. அவர்கள் மனச்சான்று அவர்களை எழுப்பியது. பார்த்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லும் படத்தை விட்டு எழுந்துசெல்லும் உரிமை ஒன்றே அன்று அவர்களுக்கு எஞ்சியிருந்தது. அந்த உரிமையை நாம் மதிக்கிறோம். அழகிய படங்களைப் போற்றும்போது, அவை யாருடைய செலவில், யாருக்காக, எந்தக் கட்டாயத்தோடு ஓடின என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டியுள்ளது. பதியின் திறமையைக் கண்டு வியக்கும் இன்றைய திறனாய்வாளர்கள் இதை எளிதாகக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

காட்சிகளின் பொருந்தாமையைப் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1924-இல் வெளியிட்ட அறிக்கையோடு ‘சர்ரியலிசம்’ என்னும் கனவியல் நெறி பெயர் பெற்றது. ஐந்தாண்டுகளில் லூயி புனுவேலும் சால்வடார் டாலியும் சேர்ந்து ‘அந்தலூசிய நாய்’ என்னும் படத்தை எடுத்தனர். சிறுவயதில் இயேசு சபைப் பள்ளியில் பயின்ற புனுவேல், வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளியோடு திரையில் சண்டையிட்டுக்கொண்டே இருந்தார். பொருந்தாதவற்றைப் பொருத்திக் காட்டுவது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று சொல்வோர் எசேக்கியேல் நூலைப் படித்திராதவர்கள். கண்கள் நிறைந்த சக்கரங்களையும், பள்ளத்தாக்கில் எலும்போடு எலும்பு வந்து சேரும் ஓசையையும் அந்த இறைவாக்கினர் கண்டும் கேட்டும் எழுதியிருக்கிறார். நம் ஊரில் பிறந்தவர்க்கோ இன்னும் அருகிலேயே சான்று இருக்கிறது. ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால் என ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணரைக் காண ஆடித்தபசுக்கு இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் இட்ட வழக்கின் முடிவே அவ்வுருவம் என்பது தலபுராணம். இரண்டை ஒன்றாய்க் காணும் கண் பழக்கம் நம் ஊர்த் தெருக்களில் சமயம் கடந்து எல்லார்க்கும் உண்டு. அப்படியிருந்தும் அன்று சீட்டியடித்தோம்.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, பம்பாயில் எடுக்கப்பட்ட ஒரு படத்திற்குத் தமிழ்ப் பெயர் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டோம். ஓவியர் தையப் மேத்தா 1970-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த பதினாறு நிமிடப் படத்தின் பெயர் ‘கூடல்’. மதுரையின் பழம்பெயர் அது. ஊடலுக்குப் பின் வருவதும் அது. சந்திப்பு, சேர்க்கை என்னும் பொருளுக்காகவே, தமிழறியாத அந்தக் குசராத்தி ஓவியர் இச்சொல்லைத் தேர்ந்துகொண்டார்.

ஆனால் படத்தில் நாம் எதிர்பார்க்கும் இனிய சேர்க்கை இல்லை. பாந்திராவின் அடிமாட்டுக் கொட்டிலில் எருது ஒன்று வீழ்த்தப்படுகிறது. மக்கள் திரள் வருகிறது, கலைகிறது. உடல்கள் வருகின்றன. பிறப்பும் வழிபாடும் கொலையும் ஒரே நடையில் செல்கின்றன. தையப் மேத்தா இளைஞராயிருந்தபோது, 1947-இன் கலவர நாள்களில், பம்பாய் முகமது அலி சாலையில் தம் வீட்டுச் சன்னல் வழியே, ஒரு மனிதனைக் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்டவர். அந்தக் காட்சி அவரை இறுதிவரை விடவில்லை. 1950-களில் கால்கள் கட்டுண்ட எருதை வரைந்தார். பின்னர் விழுந்துகொண்டே இருக்கும் மனிதனை வரைந்தார். சிறிது காலம் படத்தொகுப்புப் பணி பயின்றிருந்த அவருக்கு, தூரிகையால் சொல்லி முடியாததைச் சுருளால் சொல்லும் வாய்ப்பு ஒரே ஒருமுறை அமைந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் நெஞ்சில் சுமந்ததைப் பதினாறு நிமிடத்தில் இறக்கி வைத்தார். ஃபிலிம்ஃபேர் திறனாய்வாளர் விருது அதற்குக் கிடைத்தது. அவர் மீண்டும் படம் எடுக்கவில்லை. 2009-இல் மறைந்தார்.

பதியின் படங்களையும் இதையும் ஒரே வகையில் அடைப்பது பிழை என்றே நமக்குத் தோன்றுகிறது. பதி வேகத்தில் மகிழ்ந்தவர், மேத்தா நோவில் நடந்தவர். ‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தை இரண்டு முறை பார்த்தோம், இரண்டாம் முறை களைப்பே மிஞ்சியது. ‘கூடல்’ முதல் முறையே போதுமென்று தோன்ற வைத்தது. ஆயினும் அன்றிரவே மீண்டும் பார்த்தோம்.

அரசின் கூரைக்கு வெளியேயும் அக்காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஓவியர் அக்பர் பதம்சீ, நேரு நினைவு உதவித்தொகையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், 1969-இல் பம்பாயில் கலைஞர் பலரும் பயன்படுத்தத்தக்க பட்டறை ஒன்றை அமைத்தார். அங்கே அவர் எடுத்த ‘மேக அறையின் நிகழ்வுகள்’ என்னும் ஆறு நிமிடப் படம் தம்முடைய ஓவியம் ஒன்றை ஒளியால் மீண்டும் வரையும் முயற்சி. அதற்கு மின்னணு இசை அமைத்தவர் அகமதாபாத்தின் கீதா சாராபாய். அதே ஆண்டில்தான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு, ‘மூக்’ என்னும் மின்னணு இசைக்கருவி நிறுவப்பட்டது. படத்திற்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. தில்லியில் ஒரு கண்காட்சிக்குச் சென்ற அப்பிரதி திரும்பவில்லை. முதியவரான பதம்சீ, இயக்குநர் அஷீம் அலுவாலியாவோடு சேர்ந்து, நினைவிலிருந்தே அதை மீண்டும் ஆக்க முயன்றார். அந்த முயற்சியைச் சொல்லும் படம் 2016-இல் வந்தது. பதம்சீ 2020 சனவரியில் காலமானார். தொலைந்த சுருள் இன்னும் அகப்படவில்லை.

தமிழில் இவ்வழியில் துணிந்தவர் யாரேனும் உண்டா என்று கேட்டால், கேரளத்தவராயினும் ஜான் ஆபிரகாமையே சுட்ட வேண்டும். வெங்கட் சாமிநாதன் எழுத, எம்.பி. சீனிவாசன் இசையமைக்க, அவர் 1977-இல் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’ ஒரு கதைப்படமே என்றாலும், அதன் முடிவில் வரும் ஆட்டமும் தீயும் கனவின் நடையைக் கொண்டவை. அதற்குத் தேசிய விருது கிடைத்தது, கொட்டகை கிடைக்கவில்லை. அரசுப் படத்திற்குச் சட்டம் தேடித்தந்த பார்வையாளர் அவருக்கு இல்லை. அதனால் பிற்காலத்தில் கேரளத்தில் அவர் ஊர் ஊராகச் சென்று மக்களிடமே பணம் திரட்டிப் படம் எடுத்தார். கமல் ஸ்வரூப் 1988-இல் எடுத்த இந்திப் படம் ‘ஓம் தர்-ப-தர்’ கொட்டகைக்கு வர 2014 வரை காத்திருந்தது.

பிரமோத் பதி 1975-இல், நாற்பத்திரண்டாம் வயதில் இறந்தார். அவசரநிலை வந்ததும் அதே ஆண்டுதான். ஃபிலிம்ஸ் டிவிஷன் தன் பழைய குரலுக்குத் திரும்பிற்று. கொட்டகைகளில் அரசுப் படம் காட்டவேண்டும் என்னும் விதியை எதிர்த்து உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்கம் தானே தேய்ந்து மறைந்தது. 2022-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனிப்பெயரை இழந்தது. மும்பையில் நடைபெறும் குறும்பட விழாவில், பதியின் பெயரால் ஒரு விருது மட்டும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆபித் சூர்தி 1935-இல் பிறந்தவர். ‘பகதூர்’ என்னும் சித்திரக்கதை வீரனைப் படைத்தார், ஏராளமான நூல்களை எழுதினார். 2007 முதல், மும்பையின் புறநகரான மீரா சாலையில், குழாய்ப் பணியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று, ஒழுகும் குழாய்களைக் கட்டணமின்றிச் சரிசெய்யும் பணியைத் தொடங்கினார். இதை நாம் சொன்னபோது பேரப்பிள்ளை நம்பவில்லை. கைப்பேசியை வாங்கி, வண்ணம் படரும் அந்த அறையையும் அதில் காலசையாமல் நகரும் மனிதரையும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். இம்முறை வீட்டிலிருந்த யாரும் தேநீருக்கு எழுந்து போகவில்லை.